அலகுக்கு அரை மார்க் மட்டும்தானா?



விடைத்தாள் கொடுக்கும் நாளெல்லாம் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு கேட்கும். "ஆன்சர் கரெக்டா இருக்கு, யூனிட் போடலைன்னு அரை மார்க் குறைச்சுட்டாங்கடா!" அது அநியாயம் என்பது பலருடைய கட்சி. என் கருத்து நேர்மாறானது. அரை மார்க் குறைப்பது போதாது. அலகு இல்லாத எண்ணுக்கு மார்க்கே கொடுக்கக் கூடாது. அடிக்க வராதீர்கள் நண்பர்களே, காரணத்தைப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். பங்கில் அதை லிட்டர் கணக்கில் போடுகிறார்கள். ஆனால் என்ஜினுக்கு லிட்டர் தெரியாது. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிவது நிறைக் கணக்கில்தான். அதனால் என்ஜினைச் சோதிக்கும் இடத்தில் 'மணிக்கு இத்தனை கிலோ' என்று எழுதுவார்கள். இது நிறைப் பாய்வு வீதம். வண்டி வைத்திருப்பவர் கேட்பதோ 'மணிக்கு எத்தனை லிட்டர்?' இது பருமப் பாய்வு வீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரே பாலம், நாம் ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே மனப்பாடம் செய்த அடர்த்திதான்.

பருமப் பாய்வு வீதம் = நிறைப் பாய்வு வீதம் ÷ அடர்த்தி

பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கும். நாம் 740 என்று வைத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு 0.74 கிலோ. ஒரு என்ஜின் மணிக்கு 3.7 கிலோ பெட்ரோல் குடித்தால், 3.7 ÷ 0.74 = மணிக்கு 5 லிட்டர். கணக்கு முடிந்தது.

இதில் தப்பு எப்படி வரும்? அவசரத்தில் ஒருவன் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவான். 2.738 வரும். வெறும் எண்ணாகப் பார்த்தால் அதுவும் நல்ல பிள்ளை மாதிரிதான் தெரியும். இன்னொருவன் 0.74-க்குப் பதில் 740-ஆல் வகுப்பான். 0.005 வரும். அது தப்பே இல்லை, மணிக்கு 0.005 கன மீட்டர் என்றால் 5 லிட்டர்தான். ஆனால் அலகு எழுதாமல் விட்டால் அவனுக்கே அது புரியாது. அலகையும் சேர்த்துப் பெருக்கி வகுத்துப் பாருங்கள். பெருக்கியவனுக்கு மேலே 'கிலோ' இரண்டு தடவை வந்து நிற்கும். அதுவே "தம்பி, வழி தவறிட்டே" என்று சொல்லிவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. ஆகவே லிட்டர் எண் எப்போதும் கிலோ எண்ணைவிடப் பெரிதாகத்தான் வர வேண்டும்.

அடர்த்தியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோல் ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். 20 டிகிரி ஏறினால் 2 சதவீதம். அதே 10 லிட்டரில் சுமார் 150 கிராம் குறைந்துவிடும். அதனால்தான் பங்கில் அடர்த்தியைச் சோதிக்கும்போது 15 டிகிரிக்கு மாற்றி ஒப்பிடுகிறார்கள். ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 2014-ல் கொண்டுவந்த எரிபொருள் வரம்பும் லிட்டரில் இல்லை. மணிக்கு 100 கிலோ என்றுதான் இருந்தது. லிட்டரில் வைத்திருந்தால் எரிபொருளைக் குளிரவைத்து அதே லிட்டரில் அதிக கிலோவை அனுப்பிவிடலாமே! அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த டேனியல் ரிக்கார்டோ, இந்த வரம்பு மீறப்பட்டதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

இதெல்லாம் பந்தயம், போகட்டும். உயிர் சம்பந்தப்பட்ட கதை ஒன்று உண்டு. 1983 ஜூலை 23, கனடா. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் மான்ட்ரியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்ததில் 7,682 லிட்டர் இருந்தது. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க சுமார் 0.8-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டு கணக்கில்! 13,597 என்று வந்தது. பவுண்டை எல்லோரும் கிலோ என்று நம்பினார்கள். மீதிக்கு 4,917 லிட்டர் போதும் என்று ஊற்றினார்கள். உண்மையில் வேண்டியது 20,000 லிட்டருக்கு மேல்.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, பிறகு இரண்டு என்ஜினும் நின்றன. விமானி ராபர்ட் பியர்சனுக்கு கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் விமானத்தை மிதக்க விட்டு இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பெருக்கலில் ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை என்பதைக் கவனியுங்கள். நம் பரீட்சையாக இருந்தால் அரை மார்க்தான் போயிருக்கும்!

"எனக்குத் தெரியும் சார், அவசரத்துல எழுத மறந்துட்டேன்" என்று சிலர் சொல்வார்கள். கனடாவில் கணக்குப் போட்டவர்களுக்கும் பவுண்டு, கிலோ இரண்டும் தெரியும். தெரிவது வேறு, ஒவ்வொரு வரியிலும் எழுதுவது வேறு. எழுதியிருந்தால் 'பவுண்டு' என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடைசி வரியில் மட்டும் அலகைத் தேடாதீர்கள். நடு வரிகளிலும் அலகு எழுதியவனுக்கு, விடை சற்றுத் தப்பினாலும் பாதி மார்க் கொடுங்கள். வெறும் எண்ணை எழுதியவனுக்குக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு மாதத் தேர்வில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். மூன்றாவதில் பழகிவிடும்.

யோசிக்க ஒரு கணக்கு: ஒரு என்ஜின் நிமிடத்துக்கு 37 கிராம் பெட்ரோல் குடிக்கிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.74 கிராம். மணிக்கு எத்தனை லிட்டர்? விடையைத் தாளில் எழுதி, பத்திரிகைப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். வெறும் எண் எழுதிய தாள் போட்டியில் சேராது!

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்