வண்டி மாறிய கிடார்

விழுப்புரத்துச் சகோதரிகளுக்கு வண்டி மாறுவதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாயவரத்துக்கு ஒரு பாதை, திருச்சிக்கு ஒரு பாதை, திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனிப் பாதை என்று அந்த ஜங்ஷனில் தண்டவாளங்கள் பிரிகின்றன. திண்டிவனத்துக்காரர்கள் இதே காட்சியைப் பஸ் நிலையத்தில் பார்க்கிறார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, "இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும்" என்றால் யாருக்குத்தான் மனம் வருகிறது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து தாமாகவே இறங்கிய ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் வெள்ளைக்காரர், ராக் சங்கீதத்தில் பேர் போன கிடார்க்காரர். "ஐயையோ, அந்தக் கூச்சலா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! கதையில் வீணை வருகிறது, கடம் வருகிறது, மாயவரத்தில் பிறந்த பெண்மணி ஒருவரும் வருகிறார்.

ஜான் மெக்லாக்லின் என்பது அவர் பெயர். 1942-ல் இங்கிலாந்தில், யார்க்ஷயர் பகுதியில் பிறந்தவர். தாயார் வயலின் வாசிப்பவர். 1969-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1971-ல் அங்கே 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற கோஷ்டியை ஆரம்பித்தார். பெயரைக் கேட்டுப் பஜனை கோஷ்டி என்று எண்ணிவிட வேண்டாம். நியூயார்க்கில் வாழ்ந்த வங்காள குரு ஒருவர் அவருக்குச் சூட்டிய பெயர் அது. மின்சாரக் கிடாரும் டிரம்மும் போட்ட போட்டில் மண்டபங்கள் அதிர்ந்தன. இசைத்தட்டுகள் விற்றன, புகழும் வந்தது.

அந்தப் புகழின் நடுவிலே அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? வீணை கற்றுக்கொள்ளப் போனார்! கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் சர்வகலாசாலையில் நம் டாக்டர் எஸ். ராமநாதன் சங்கீதம் கற்பித்து வந்தார். அவரிடம் மாணவராக உட்கார்ந்தார். ஊரே வித்வான் என்று கொண்டாடும்போது, "எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பது லேசான காரியமா?

பிறகு 'சக்தி' என்ற புதுக் கோஷ்டி பிறந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின். சென்னையிலிருந்து டி. எச். விநாயகராம் கடம். வெஸ்லியனில் கற்பித்து வந்த ராம்நாட் ராகவன் மிருதங்கம். பம்பாய் அல்லா ரக்காவின் குமாரர் ஜாகீர் ஹுசேன் தபலா. ஐந்து பேருக்கும் நியூயார்க் அயலூர்தான். விநாயகராமுக்கும் அந்த ஊர் அடியோடு புதிதல்ல. 1966-ல் ஐ.நா. சபையில் எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடியபோது கடம் வாசித்தவர் அவரே.

1975 ஜூலை 5-ந் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் இவர்கள் செய்த கச்சேரிதான் மறு வருஷம் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. மின்சாரக் கிடார் இல்லை, டிரம் இல்லை. மேடையில் விரிப்பு விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். காது அடைக்கும் ஓசையை எதிர்பார்த்துப் பழகிய ரசிகர்கள் திகைத்துப் போனார்கள்.

வீணை கற்ற சகோதரிகளுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். வீணையில் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தல்லவா கமகம் எழுப்புகிறோம்? தட்டையான பலகையுள்ள கிடாரில் அது எப்படி முடியும்? சரியான கேள்வி. அதற்காகவே அவருக்கென்று ஒரு கிடாரை அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியார் செய்து கொடுத்தார்கள். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினார்கள். விரல் பலகையில் உராயாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் இடம் கிடைத்தது. கூடவே, சாய்வாக ஏழு தந்திகளைத் தனியே கட்டினார்கள். அவை சுருதியாக ரீங்காரம் செய்தன. வாசிப்பவர் மாறினார், அவருக்காக வாத்தியமும் மாறியது!

நம் கச்சேரிகளில் கடத்துக்கு எந்த இடம்? மிருதங்கத்துக்குப் பின்னால், உபபக்கவாத்தியம். 'சக்தி'யில் அந்த மண்பானை, கிடாருக்கும் வயலினுக்கும் சமமாக முன்னால் வந்தது.

இதே காலத்தில் சென்னையில் நடந்ததையும் கேளுங்கள். விநாயகராமின் தந்தை ஹரிஹர சர்மா நடத்திய தாளவாத்தியப் பள்ளியில், மாயவரத்தில் பிறந்த சுகன்யா என்ற பெண் மிருதங்கம் கற்று வந்தார். அவருக்குக் கடத்தின் மேல் ஆசை. "பெண்களின் கைக்கு அது கஷ்டம்" என்றார் விநாயகராம். அவர் அமெரிக்காவில் கற்பிக்கப் போயிருந்த சமயத்தில், "நான் சொல்லித் தருகிறேன்" என்று பெரியவரே முன்வந்தார். திரும்பி வந்த விநாயகராம், பெண்ணின் வாசிப்பைக் கேட்டு அதிசயித்தார். அவர்தான் கடம் சுகன்யா ராம்கோபால். பெண் கடம் வாசிக்கும் மேடையில் உட்கார மாட்டோம் என்ற மிருதங்கக்காரர்களும் இருந்தார்கள். அவர் கடத்தைக் கீழே வைக்கவில்லை. பெண்களை மட்டுமே கொண்டு ஒரு வாத்திய கோஷ்டியையும் அமைத்தார்.

'சக்தி' மூன்று இசைத்தட்டுகளோடு 1978-க்குள் கலைந்துவிட்டது. அதற்காக யாரும் வாத்தியத்தைப் பரணில் போடவில்லை. 1997-ல் மெக்லாக்லினும் ஜாகீரும் விநாயகராமும் மறுபடி கூடினார்கள். பிறகு தந்தையின் இடத்துக்குக் கஞ்சிராவோடு மகன் செல்வகணேஷ் வந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். 2014-ல் அவரை இழந்தோம். 2024 பிப்ரவரியில் 'சக்தி'க்கு கிராமி பரிசு கிடைத்தபோது மெக்லாக்லினுக்கு வயது 82. அதே வருஷம் டிசம்பரில் ஜாகீர் ஹுசேனும் மறைந்தார். கூடி வாசிக்கக் கிடைக்கும் காலம் அவ்வளவுதான், சகோதரிகளே!

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்க வந்த அன்று பாடினீர்கள். "குரல் நன்றாயிருக்கிறது" என்று மாமியார் மெச்சினார். அதோடு சரி! அடுப்பும் ஆபீஸும் குழந்தைகளின் பரீட்சையும் வந்தன. வீணை உறையோடு மூலைக்குப் போயிற்று. "இனிமேல் என்ன?" என்கிறீர்கள். முன்பு வர்ணம் வாசித்த விரல் இப்போது வரிசையிலேயே தடுமாறுமே என்ற கூச்சம்தான் உங்களைத் தடுக்கிறது, நேரமின்மை அல்ல. உலகப் புகழ் பெற்றவர் மாணவராக உட்காரலாம். நீங்கள் உட்காரக் கூடாதா?

உறையை எடுங்கள். மெழுகு இளகியிருந்தால், மேளம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரி பாருங்கள். தெருவில் விசாரியுங்கள். பாட்டை விட்டவர்களும் வயலினை விட்டவர்களும் இரண்டு பேராவது அகப்படுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கூடினால் அதுவும் ஒரு கோஷ்டிதான்! பெண் மிருதங்கம் கேட்டால், "அது பையன்களுக்கு" என்று சொல்லாதீர்கள். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அழைத்துப் போய் விசாரியுங்கள்.

கலைந்த 'சக்தி' மறுபடி கூட ஏறக்குறைய 20 வருஷம் ஆயிற்று. நீங்கள் விட்டு எத்தனை வருஷம் ஆயிற்று?