பன்னீர் திராட்சை வளர்க்க ஆசையா? விதை வேண்டாம், குச்சி போதும்!

கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து நடக்கும் திராட்சைத் தோட்டத்தைத் தாண்டிப் போனால், பந்தலுக்குக் கீழே வெட்டிப்போட்ட குச்சிகள் குவிந்து கிடக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து, இன்னொன்றில் அறுவடை. மற்ற ஊர்த் திராட்சைக்கு சீசன் உண்டு; இங்கே வருஷம் முழுக்கப் பழம்தான். குப்பை என்று ஒதுக்கிய அந்தக் குச்சிதான் வீட்டுத்தோட்டம் போடுபவர்களுக்குப் புதையல்.

பலரும் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு விதையைத் தொட்டியில் போடுகிறார்கள். முளைக்கும், கொடியும் ஓடும். ஆனால், சில வருஷம் காத்திருந்து கடைசியில் காய்ப்பது பன்னீர் திராட்சையாக இருக்காது. இந்த ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இரண்டு வெவ்வேறு ரகங்கள் சேர்ந்து பிறந்தது. விதைக்குப் போனால் அந்தக் குணங்கள் மறுபடி கலைந்துவிடும். குச்சியில் அப்படியே இருக்கும். உலகத்தில் உள்ள மஸ்கட் ஹாம்பர்க் கொடிகள் எல்லாமே குச்சிக்குக் குச்சியாக ஒரே தாய்க்கொடியிலிருந்து வந்தவைதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையும் அதே வம்சம். (குறியீடு கம்பம் மண்ணுக்குத்தான். சென்னை மாடியில் காய்த்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது, சாப்பிடலாம்!)

பச்சையாக இருக்கும் இளங்குச்சி வேண்டாம். பழுப்பு நிறத்தில் முற்றிய, பென்சில் கனமுள்ள குச்சி எடுங்கள். நான்கு கணு இருந்தால் போதும். அடிப்பக்கம் கணுவை ஒட்டி நேராக வெட்டுங்கள். மேல்பக்கம் மொட்டுக்கு ஓர் அங்குலம் விட்டுச் சாய்வாக. மேல் எது, கீழ் எது என்று குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தலைகீழாக நட்டால் வீண். மணல், செம்மண், மட்கிய எரு மூன்றையும் கலந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வையுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஈரம் இருந்தால் போதும்.

சில வாரங்களில் துளிர் வரும். இங்கேதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். குச்சியில் சேர்ந்திருக்கும் சத்திலேயே இலை வந்துவிடும், வேர் பிறகுதான். ‘பிடிச்சிருச்சா’ என்று பிடுங்கிப் பார்த்தால் கதை முடிந்தது. பையின் அடித்துளையில் வேர் எட்டிப்பார்க்கும் வரை கையை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. திராட்சைக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள். தோட்டக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், கையுறை போட்டு எடுங்கள், நன்றாகக் கழுவுங்கள். நோய் வந்த கொடியின் குச்சி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கூடவே நோயும் வீட்டுக்கு வரும்.

இதே தேனி மாவட்டத்தில் முருங்கையின் கதை வேறு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளிவந்த பி.கே.எம்-1, விதை போட்டு வளர்ப்பது. போட்ட ஆண்டிலேயே காய்க்கும். ஆனால், உங்கள் வீட்டு மரத்தின் விதையில் அதே ருசி வரும் என்று நம்ப முடியாது. வண்டுகளும் தேனீக்களும் பக்கத்துத் தெரு மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்திருக்கும். பாட்டி வைத்த மரத்தின் காய்தான் வேண்டும் என்றால் போத்து நடுவதுதான் வழி.

பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் வெட்டுப்படுவது கொல்லைப்புற முருங்கைதான். வெட்டுவதற்கு முன் மணிக்கட்டு கனத்தில், மூன்று நான்கு அடிக்கு ஒரு கிளையை எடுத்துவையுங்கள். ஓரிரு நாள் நிழலில் கிடக்கட்டும். மேல்வெட்டில் சாணியை அப்பி, மழை ஆரம்பிக்கும் நேரத்தில் ஓர் அடி ஆழத்துக்கு மேல் ஊன்றுங்கள். கட்டட வேலை முடியும்வரை பக்கத்து வீட்டுக் கொல்லையில் நட்டாலும் சரி, அங்கிருந்து மறுபடி போத்து வாங்கிக்கொள்ளலாம்.