பதிவில் வராத மீன்

போன செப்டம்பரில் குடும்பத்தோடு பான்வில் அணைக்குப் போயிருந்தோம். போர்ட்லாந்திலிருந்து கிழக்கே முக்கால் மணி நேர ஓட்டம். மீன்கள் அணையைத் தாண்ட ஒரு படிக்கட்டு கட்டியிருக்காங்க. கண்ணாடி ஜன்னல் வழியா அதைப் பார்க்கலாம். பெரிய பெரிய சால்மன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறிப் போய்க்கொண்டிருந்தன. என் ஏழு வயது மகள் கேட்டாள்: "இதெல்லாம் குட்டியா இருந்தப்போ கடலுக்குப் போனதுதானே? அப்போ எத்தனை போச்சு, எத்தனை செத்துச்சுன்னு யாருப்பா எண்ணினா?"

எனக்குப் பதில் தெரியலை. வீட்டுக்கு வந்து படித்தேன்.

குஞ்சுகளில் சிலவற்றைப் பிடித்து, வயிற்றுக்குள் அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழலை ஊசியால் செலுத்துகிறார்கள். பெயர் பிட் டேக். 12 மில்லிமீட்டர் நீளம். பேட்டரி கிடையாது. அணையில் உள்ள ஆன்டெனாவைக் கடக்கும்போது, அதிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைச் சொல்லிவிடும். நம்ம ஊர் டோல்கேட் ஃபாஸ்டேக் மாதிரிதான்.

ஐடஹோவில் பிறக்கும் குஞ்சு, ஸ்நேக் நதியில் நான்கு, கொலம்பியாவில் நான்கு என எட்டு அணைகளைத் தாண்டித்தான் கடலைப் பார்க்கணும். சிக்கல் என்னன்னா, எல்லா மீனும் ஆன்டெனா இருக்கிற பாதையில் வராது. மதகு வழியா விழும், டர்பைனுக்குள் போகும். லோயர் கிரானைட் அணையில் 2020-ல் மதகிலேயே ஆன்டெனா வைத்தார்கள், அதுவும் ஒரே ஒரு மதகில். அப்போ பதிவில் வராத மீன் செத்ததா, வேற வழியில் போனதா?

எங்க வேலையில் சர்வர் பதில் சொல்லலைன்னா உடனே 'டவுன்'னு சிவப்பு விளக்கைப் போட்டுடுவோம். மீன்காரர்கள் அப்படி அவசரப்படுவதில்லை. 1960-களில் கார்மாக், ஜாலி, செபர் ஆகியோர் வகுத்த கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நானே ஓர் எண் போட்டுச் சொல்றேன். 1000 குஞ்சுகளை விடுகிறோம். முதல் அணையில் 300 பதிவாகுது. கீழே அடுத்த அணைகளில் மொத்தம் 200 மீன் தெரியுது. அந்த 200-ம் முதல் அணையை உயிரோடு தாண்டியவை என்பது நிச்சயம். ஆனால் அங்கே பதிவானவை அதில் 100-தான். ஆக, முதல் அணை ஆன்டெனா பாதியைத்தான் பிடிக்குது. அப்படின்னா அங்கே 300 பதிவானதுக்கு, உயிரோடு தாண்டியது சுமார் 600. முதல் அணையின் குறையைக் கீழே இருக்கிற அணைகள் சொல்லுது. படிச்சப்போ கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. வசந்தத்தில் எவ்வளவு தண்ணீரை மின்சாரம் எடுக்காமல் மதகு வழியா விடுவது என்று இங்கே வருஷக்கணக்கா வழக்கு நடக்குது. அந்த வாதத்தில் இரண்டு தரப்பும் கையில் எடுக்கிறது இந்த எண்ணைத்தான். மதகைத் திறந்தால் மீன் பிழைக்கலாம். ஆனா ஆன்டெனா கண்ணில் படுவது குறையும். நல்லது செய்யச் செய்ய, அதை அளப்பது கஷ்டமாகுது!

டேக் கிடைக்கிற இன்னொரு இடமும் உண்டு. கொலம்பியா கடலில் சேரும் இடத்தில் ஈஸ்ட் சாண்ட் தீவில் ஆலாக்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டி வந்தன. அவை கிளம்பிய பிறகு, ஆராய்ச்சியாளர்கள் கருவியோடு மண்ணைத் துழாவிக்கொண்டே நடப்பார்கள். எச்சத்தோடு விழுந்த டேக்குகள் அங்கிருந்து எண் சொல்லும்.

மகளுக்குப் பட்டாணியை வைத்துக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். "அப்போ மீதி 300 யாருக்கும் தெரியாம போயிடுச்சா?" என்று ஒரே சிரிப்பு.

பறவைத் தீவைப் பத்தி இன்னும் சொல்லலை.