உங்க எம்எல்ஏ எந்தப் பக்கம்?

2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகளில் வேலையை 12 மணி நேரமாக்க வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்த்த கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன. சரி, ஆதரித்துக் குரல் கொடுத்தவர்கள் யார் யார்? பெயர்ப் பட்டியல் கிடையாது. ஒரு சத்தம், அவ்வளவுதான். மூணே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று வாபஸ். ஒருத்தர்கூட தன் தொகுதியில் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் பார்க்கும் வேலையில் ஒரு கமாவை மாற்றினாலும் என் பெயர் பதிவாகும்.

"1985ல் கட்சித்தாவல் தடைச்சட்டம் வந்தாச்சு, கொறடா சொல்வதை மீறினால் பதவி போகும், அப்புறம் பெயர் எதுக்கு?" என்பார்கள். கீழ்ப்படிந்தவர் என்றாவது எழுதி வையுங்களேன்! வெளிநடப்பும் எனக்கு உவப்பில்லை. டிவிக்கு நல்ல காட்சி, ஆனால் எதிர்த்து விழுந்த வாக்காக அது பதிவாகாது. உள்ளே உட்கார்ந்து, "எண்ணுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும்.

எண்ணத் தெரியாதா என்ன? 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமியின் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 122, எதிர்ப்பு 11. நாற்காலி ஆடியபோது தலைகளை எண்ணினார்கள். தொழிலாளியின் எட்டு மணி நேரத்துக்குச் சத்தமே போதுமாம்.