சம்பூரில் எரியாத நிலக்கரி

திருகோணமலையில் இருந்து கொட்டியாரக் குடாவுக்கு அங்கால பார்த்தால் சம்பூர்ப் பக்கம். அங்கே 500 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்களுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஏன் என்று கேட்டால் "புகை வரும்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. புகை மட்டுமில்லை, தண்ணீரும்தான் பிரச்சினை.

அனல் மின் நிலையம் என்றால் ஒரு பெரிய கேத்தில் என்று வையுங்கோ. நிலக்கரியை மாவாக அரைத்து எரிப்பார்கள். கொதிகலன் குழாய்களில் ஓடும் தண்ணீர் 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான நீராவியாகும். அது டேர்பைனை நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும், கூடவே சுற்றும் ஜெனரேற்றர் கரண்ட் தரும். (ஏன் 3000? எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 60ஆல் பெருக்கிப் பாருங்கோ.)

இது ஓ.எல். விஞ்ஞானம். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் கதைப்பதில்லை. வேலை முடித்த நீராவியைக் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்க வேண்டும். அதற்குத்தான் இப்படியான நிலையங்கள் கடற்கரையைத் தேடி வருகின்றன. நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் கொஞ்சம் புகைபோக்கியால் போகும், பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடு கடலுக்குப் போகும். அதாவது ஊருக்குக் கொடுக்கிற கரண்டை விடக் கூடுதலான சூடு குடாவுக்குள். மகாவலி வந்து விழுகிற, மூதூர்ச் சனம் தொழில் செய்கிற குடா அது.

இனிக் காணிக் கதை. 2006இல் யுத்தத்தில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. 2007இல் அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயமானது. காணிக்காரர் கிளிவெட்டி முகாமில் இருக்கும்போதே, இந்தியாவின் என்.ரி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் அவர்களின் மண்ணில் நிலையம் கட்டுவது பற்றிக் கதைத்தன. 2016 செப்டெம்பரில்தான், வழக்கொன்றின்போது, திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

எங்கட பக்கத்திலும் ஒரு சங்கடம் இருக்கு. திருகோணமலையில் இரவு எரிகிற லைற்றுக்கு நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் காரணம். அந்தச் சாம்பலோடு வாழ்வது புத்தளம் மாவட்டத்துச் சனம். 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில் குரங்கு ஒன்று உபமின் நிலையத்தில் மாட்டி நாடே இருண்டபோது நுரைச்சோலையும் நின்றுபோனது. இப்படியான நிலையத்தை நினைத்தவுடன் திரும்ப ஓடவைக்க ஏலாது. அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. "எங்கட ஊரில் வேண்டாம்" என்பது மட்டும் ஒரு கொள்கையாகாது.

2025 ஏப்ரலில் மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். கொதிகலன் இல்லை, சாம்பல் இல்லை, குடாவுக்குச் சூடும் இல்லை. நாங்கள் இதை ஆதரிக்கிறோம். இரவில் ஓடாது என்பது உண்மைதான், அதற்கு பற்றரி வேண்டும். ஆனால் நிறுவனங்கள் பழையவைதான். நிலக்கரி போய்ச் சூரியன் வந்ததால் காணிக் கேள்வி ஒன்றும் சுத்தமாகிவிடவில்லை.

ஒப்பந்தம் முழுசாகத் தமிழில், மூதூர் பிரதேச சபையில், யாரும் போய் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எந்தக் காணி, யாருடைய உறுதி, என்ன நட்டஈடு என்று அதில் இருக்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முகாமில் வளர்ந்த சம்பூர்ப் பிள்ளைகளை முதலில் கூப்பிட வேண்டும், காவலாளி வேலைக்கு மட்டுமில்லை.