வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்



"வருமானம் குறைந்தால் வீட்டில் செலவைச் சுருக்குகிறோம். அரசும் அப்படித்தானே செய்ய வேண்டும் ஐயா?" என்று மாணவத் தம்பி ஒருவர் நேற்றுக் கேட்டிருந்தார். கணக்கு தவறு தம்பி. நீங்கள் செலவைச் சுருக்கினால் உங்கள் சம்பளம் குறையாது. எல்லோரும் சுருக்கும் நேரத்தில் அரசும் கையை மூடிக்கொண்டால் கடைக்காரருக்கு வியாபாரம் போகும், அவரிடம் வேலை பார்ப்பவருக்குக் கூலி போகும், கடைசியில் அரசுக்கு வரும் வரியும் போகும்.

2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை பொருளாதாரம் ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியது. 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் என்றார்கள். பெரும்பகுதி கடனும் கடன் உத்தரவாதமும்தான். வாங்க ஆளில்லாத கடைக்குக் கடன் எதற்கு? அதில் நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக ஒதுக்கிய 40,000 கோடிதான் உருப்படி. கூலி வாங்கியவர் அதைப் பூட்டியா வைத்தார்? மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும்தான் கொடுத்தார்.

2019 செப்டம்பரில் கம்பெனி வரியைக் குறைத்ததில் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அதை உங்களில் யாரும் 'இலவசம்' என்று திட்டவில்லையே! (ஆடிட்டர் மாணவர்கள் கோபிக்க வேண்டாம்.)

கடனுக்கு வட்டி உண்டு, மறுக்கவில்லை. பண்டம் இல்லாதபோது பணத்தை இறைத்தால் விலை ஏறும், அதுவும் உண்மை. ஆனால் அன்று இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் அரிசியும் கோதுமையும் நிரம்பி வழிந்தன. ஜனங்கள் கையில்தான் காசில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். பிழையில்லாமல் எழுதுங்கள்.