விழப்போற பல்லுத்தானே?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுறதென்றால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கோ.

போன கிழமை தரம் 3 வகுப்பில் ஒரு பிள்ளை கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு மேசையில் படுத்திருந்தான். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பல்லும் சூத்தை. ஒன்று கறுத்துத் தேய்ந்து முரசோடு கிடக்கிறது. பக்கத்து முரசு வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது. தாய்க்குப் போன் எடுத்தேன். வயலில் நின்றவ சைக்கிளில் ஓடி வந்தா. நல்ல தாய். பிள்ளையில் உயிர். வந்து பார்த்துவிட்டுச் சொன்னா: "சேர், அது விழப்போற பல்லுத்தானே. விழுந்தால் புதுசு வரும்தானே."

அந்தத் தாயில் எனக்குக் கோபமில்லை. அந்த வசனத்தில்தான் கோபம். இந்த மாதம் மட்டும் அதை மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். இவ்வளவுக்கும், அதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான் பல் சிகிச்சைக்கான சம்மதப் படிவம் வகுப்பால் வீடுகளுக்குப் போனது. சில படிவங்கள் வரவே இல்லை. சிலது "விருப்பமில்லை" என்று கையெழுத்தோடு வந்தது. அதில் இந்தப் பிள்ளையுடையதும் ஒன்று. இலவசம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம். ஒரு கையெழுத்துத்தான் கேட்டோம்.

எங்கட ஊரில் சொல்லப்படுகிற வசனங்களுக்குள் ஆக விலை கூடியது இந்த "விழப்போற பல்லுத்தானே". ஏன் என்று சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் போற பஸ்ஸில் ஏறி, யன்னல் சீற்றில் துவாயைப் போட்டுவிட்டுத் தண்ணிப் போத்தல் வாங்க இறங்குகிறோமே, பாற்பல் அந்தத் துவாய். பின்னால் வரப்போற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. கடைவாய்ப் பாற்பற்கள் 10, 11, 12 வயது வரைக்கும் நிற்க வேண்டியவை. அதை 7 வயதில் சூத்தை விழுத்திப் பிடுங்கினால், துவாயை எடுத்த மாதிரி. பின்னால் இருக்கிற பெரிய பல் மெல்ல மெல்ல முன்னுக்கு அரக்கி வந்து அந்த இடத்தில் குந்திவிடும். 11 வயதில் உரிய பல் வரும்போது சீற் இல்லை. அது என்ன செய்யும்? உள்ளுக்குச் சரிந்து வரும். இல்லாவிட்டால் முரசுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேல் வரிசையில் கடைசியாக வருகிறவைகளில் ஒன்று வேட்டைப்பல். அதுவும் இடமில்லாமல் மேலே, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பிறகு நாங்களே அந்தப் பிள்ளைக்குப் பட்டம் வைப்போம்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. 6 வயதளவில் பிள்ளையின் வாயில் நான்கு பெரிய பற்கள் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், சத்தமில்லாமல் வரும். பல் ஒன்றும் விழாதபடியால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதையும் பாற்பல் என்றே நினைப்பார்கள். அது நிரந்தரப் பல். அதற்குப் பிறகு அந்த இடத்தில் இன்னொன்று வராது. தரம் 5 இல் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பல்லில் ஓட்டை என்று பார்த்தால் அழுகை வரும். கேட்டால் பதில் அதே வசனம். விழப்போறதே இல்லாத பல்லைப் பற்றி.

அமெரிக்கப் பல் வைத்தியர் எட்வர்ட் ஆங்கிள் 1899 இல், பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதை வகைப்படுத்த ஒரு முறை வகுத்தார். பல் சீரமைப்புப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அவர் அளவுகோலாக எடுத்தது இந்த ஆறு வயதுப் பல்லைத்தான். மேல் பல்லோடு கீழ்ப் பல் எங்கே பொருந்துகிறது என்று பார்த்துத்தான் மற்றக் கணக்கெல்லாம். அந்தத் தூணைத்தான் நாங்கள் டொபிக்கும் கிறீம் பிஸ்கட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாக் கோணல் பல்லுக்கும் தாய் தகப்பன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தாடை சிறிது, பல் பெரிது என்று பரம்பரையாக வருவதும் உண்டு. நாலைந்து வயதுக்குப் பிறகும் விரல் சூப்புகிற பிள்ளைக்கு முன்பல் தள்ளும். ஆனால் தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டுப் "பரம்பரை" என்று சொல்ல வேண்டாம். உங்கட அம்மம்மாவுக்கு வரிசைப் பல் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

இனிக் கம்பி விசயத்துக்கு வருவோம். அதற்குத்தான் சிலருக்கு என்னில் கோபம்.

எட்டு வயதில் ஒரு கையெழுத்துக்கு நேரமில்லாத குடும்பத்துக்குப் பதினாறு வயதில் திடீரென்று ஞானம் வருகிறது. அதுவும் பொம்பிளைப் பிள்ளை என்றால். "நாளைக்குக் கலியாணம் பேசேக்க..." என்று தொடங்குவார்கள். கனடாவில் இருக்கிற மாமாவுக்கு வட்ஸப்பில் படம் போகும். காசு வரும். தனியாரிடம் இலட்சக்கணக்கில் போகிற வேலை. குறை நினைக்காதீர்கள், மாமா நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். ஆனால் கம்பியை ஒட்டினால் பல் தானாக நேராகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. கம்பி பல்லை மெதுவாக அழுத்த, அழுத்துகிற பக்கம் எலும்பு கரைந்து, மற்றப் பக்கம் புது எலும்பு வளர்ந்துதான் பல் நகரும். அவசரப்படுத்த முடியாது. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம். அதுவரை மாதாமாதம் போல் போய் இறுக்க வேண்டும். கழற்றின பிறகும் பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்க, தாங்கி போட வேண்டும். இங்கேயிருந்து யாழ்ப்பாணம் போய் வந்தால் ஒரு நாள் சரி. தகப்பனுக்கு அன்றைய கூலி இல்லை, பிள்ளைக்குப் பாடம் இல்லை.

என்ன நடக்கும்? முதல் நாலு மாதம் போவார்கள். பிறகு காலபோகம் தொடங்கும், சோதனை வரும், மாமாவுக்கு வேலை போகும். கம்பி வாயிலேயே கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை கம்பியோடு உயர்தரம் முடித்துவிட்டாள். கம்பியைச் சுற்றி ஒழுங்காகத் துலக்காதபடியால் பல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, சில இடத்தில் சூத்தை. நேராக்கப் போட்ட கம்பியால் இருந்த பல்லும் கெட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேஸ்புக்கில் வடிவுக்கு விற்கிற பொய்க் கம்பியை வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்கிற பெடியளைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அதற்கு இரத்த அழுத்தம் வேண்டும்.

அரச வைத்தியசாலையில் பல் சீரமைப்பு இலவசம். பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பெரிய வைத்தியசாலைகளில் இதற்கென்று நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரிசை நீளம். வரிசையில் நின்று உள்ளே போனதும் முதலில் பார்ப்பது சூத்தை இருக்கிறதா, முரசில் இரத்தம் வருகிறதா என்றுதான். அழுக்கு வாயில் எந்த நல்ல வைத்தியரும் கம்பி ஒட்ட மாட்டார். ஆகவே எட்டு வயதில் வேண்டாம் என்று சொன்ன அதே வேலையைப் பதினாறு வயதில் செய்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

"சேருக்கு மாதச் சம்பளம். எங்கட கஷ்டம் தெரியுமோ?" என்று போன முறை ஒருவர் கேட்டார். தெரியும் அண்ணன். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவன் நான். எனக்கும் கீழ் ஆறு வயதுப் பல் இரண்டும் இல்லை. 12 வயதில் பிடுங்கினது. அப்போது வாப்பாவிடம் போய்ப் பல்லை நிரப்ப வேண்டும் என்று எப்படிக் கேட்பது? சோற்றுக்கே வரிசை. உங்களுக்கும் அப்படித்தான். இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் 2009 இல் மெனிக் பாமில் முள்ளுக்கம்பிக்குள் நின்ற பிள்ளைகள். அங்கே பற்பசையைப் பற்றி யார் யோசித்தது? உயிர் தப்பினால் போதும் என்று வளர்ந்த எங்களுக்குப் பல் ஒரு ஆடம்பரம் மாதிரித் தெரிகிறது. அது எங்கட பிழையில்லை. ஆனால் அந்தக் கொட்டிலை இன்னும் எங்கட பிள்ளைகளின் வாய்க்குள் வைத்திருக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

காசு இல்லை என்பதும் பாதிதான் உண்மை. புலமைப்பரிசில் ரியூசனுக்குக் கடன் வாங்கியாவது கட்டுகிறோம். பல்லுக்குத்து வந்தால் அந்தப் பிள்ளை ரியூசனில் இருந்து என்ன படிக்கும்?

இலங்கையில் 3 வயதிலிருந்து 13 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். 1921 இல் நியூசிலாந்தில் தொடங்கின முறை, பிறகு எங்கட நாட்டுக்கும் வந்தது. மகரகமையில் பயிற்சி கொடுக்கிறார்கள். சூத்தையைச் சுத்தம் செய்து நிரப்புவது, தேவையென்றால் பிடுங்குவது எல்லாம் செய்வார்கள். பல் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், அந்த இடத்தைக் காக்கச் சின்னக் கம்பி ஒன்று வைக்க வழி உண்டா என்று பல் வைத்தியரைக் கேட்கலாம். கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அதிகாரிகளையும் விடப்போவதில்லை. சிகிச்சையாளர் இருக்கிற பள்ளிக்கூடம் ஒன்று, இல்லாத பள்ளிக்கூடம் பல. கரைச்சியின் உட்பக்கப் பிள்ளைக்கு அந்தக் கதிரை எட்டாத தூரத்தில் இருக்கிறது. தரம் 1, 4, 7, 10 இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. வாயைப் பார்த்து "சூத்தை" என்று புத்தகத்தில் எழுதினால் வேலை முடிந்ததா? எழுதப்பட்ட பிள்ளை கதிரையில் ஏறினதா என்று யார் பார்ப்பது? பல் வரிசை குழம்புகிறது என்று தெளிவாகத் தெரிகிற 12, 13 வயதில்தான் இந்தச் சேவையும் கையை விடுகிறது. அடுத்த கதவு எங்கே என்று தாய்க்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு துண்டுக் கடிதமாவது கொடுத்து அனுப்புங்கள்.

எங்கட ஆசிரியர்களுக்கும் ஒன்று. மண்ணிறக் கறையோடு இருக்கிற பல்லைப் பார்த்து "துலக்கிறேல்லையோ?" என்று வகுப்புக்கு முன்னால் கேட்காதீர்கள். வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் கூட. பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குக் கறை பல்லுக்குள்ளேயே இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அங்கேயிருந்து வந்து குடியேறின பிள்ளைகள் எங்கட வகுப்பிலும் இருக்கிறார்கள்.

என்னுடைய சமூகத்து உறவுகளுக்குத் தனியாக: மிஸ்வாக்கை நபிகளார் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்று பயானில் கேட்கிறோம். அத்தரோடு சேர்த்து அதையும் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறோம். பிள்ளை இரவு சீனி போட்ட பால்மாவைச் சூப்பிப் போத்தலில் குடித்துக்கொண்டே நித்திரையாகிறது. இது என்ன சுன்னத்து? அயலில் உமிக்கரியால் தேய்க்கிற ஐயாமாருக்கும் சொல்கிறேன், வேப்பங்குச்சி பரவாயில்லை, உமிக்கரி பல்லின் மேல்தோலை அராவிவிடும்.

செய்யவேண்டியது பெரிய விசயமில்லை. இரவு படுக்கமுதல் புளோரைட் பற்பசையால் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு அரிசியளவு, அதற்கு மேல் ஒரு கடலையளவு போதும். விளம்பரத்தில் தூரிகை நிறையப் பிதுக்குவது அவர்கள் விற்கிறதுக்காக. ஏழெட்டு வயது வரைக்கும் தாயோ தகப்பனோ துலக்கிவிட வேணும். பிள்ளை தானாகச் செய்வது விளையாட்டு. துலக்கின பிறகு நுரையைத் துப்பினால் காணும், வாய் நிறையத் தண்ணி விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். இனிப்பை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதுதான் பல்லைத் தின்கிறது. பெருநாள் வட்டிலப்பத்தை ஒரேயடியாகச் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்கிற பிள்ளையைவிட, காலையிலிருந்து டொபியை உறிஞ்சிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத்தான் சேதம் கூட.

பெரியவர்களைப் பற்றி ஒன்று மட்டும். இலங்கையில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வாய்க்கால் கரையில் வெற்றிலை பாக்குப் புகையிலை போட்டுக்கொண்டு இதை வாசிக்கிறவர்கள், கண்ணாடியில் கன்னத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்து இரண்டு கிழமையில் போகாவிட்டால், வாய் முந்தி மாதிரி அகலத் திறக்காவிட்டால், பல் வைத்தியரிடம் போங்கள். குத்து வரட்டும் என்று பார்க்காதீர்கள். அது குத்தாது.

அந்தத் தரம் 3 பிள்ளையின் தாய் அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனா. ஒரு பல் போய்விட்டது. மற்றதைக் காப்பாற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை படிவம் திரும்ப வரும். புதன்கிழமைக்குள் கையெழுத்து வராத வீடுகளுக்குப் பின்னேரம் நானே சைக்கிளில் வருவேன். தேத்தண்ணி ஊத்துவீர்கள் என்று தெரியும். எனக்குச் சீனி வேண்டாம்.